பேரிக்காய் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான்கு வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கோலாலம்பூரில் கணக்காய்வு வேலை, வயது 34. அலுவலக நண்பர் ஒருவர் மூலமாகப் பங்சாரில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு வைன் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். மொத்தம் இருபது பேர், அதில் தமிழர் நானும் ஒரு டாக்டரும்.

போன மாதம் தென் ஆஸ்திரேலியாவின் ஈடன் வேலியிலிருந்து ஒரு வைன் தயாரிப்பாளர் வந்திருந்தார். தானே திராட்சை வளர்த்துத் தானே வைன் செய்கிறவர். தலைக்கு 380 வெள்ளி, அதாவது ரிங்கிட், ஐந்து வைன். கிளாஸை எப்படிச் சுழற்றுவது, எப்படி மோந்து பார்ப்பது, வாயில் வைத்துக்கொண்டு எப்படிக் காற்றை உறிஞ்சுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பத்து வருடப் பழைய ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் ஒன்றை ஊற்றி, ‘மண்ணெண்ணெய் வாடை வருகிறதா, அதுதான் இதன் அழகு’ என்றார். வந்தது. அப்புறம் சிராஸ் என்ற ஒரு சிவப்பு வைன். மிளகு வாசம் தூக்கும் என்றார். சுற்றிலும் எல்லாரும் ஆகா என்கிறார்கள், எனக்கு ஒன்றுமே வரவில்லை. மிளகு ரசம் குடித்து வளர்ந்தவனுக்கு மிளகு தெரியவில்லையே என்று கூச்சமாகப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று ஊற்றினார். வடிகட்டாத வெள்ளை வைன், கலங்கலாக, லேசாக நுரைத்துக்கொண்டு இருந்தது. ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் தானாகப் புளித்ததாம், புளித்து முடிவதற்குள் புட்டியில் அடைத்து சோடா மூடி போட்டுவிடுவார்களாம். ‘இது உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துகிறது’ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கள். பள்ளி விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போவோம், சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வருமே, அதே வாடை. ஆனால் என்னைக் கேட்டதும் பேரிக்காய் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். மனசு கேட்காமல், கடைசியில் எழுந்து, யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றில் இருப்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். கை தட்டினார்கள்.

என் கேள்விகள் இவைதான். வைன் சுவையைச் சொல்லத் தமிழில் கலைச்சொற்கள் உண்டா? நானே 42 சொற்கள் உருவாக்கி இணைத்திருக்கிறேன், திருத்தித் தர முடியுமா? கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிற மொழியில் பிறந்துவிட்டு இந்தக் கிளப்புக்கெல்லாம் போகலாமா என்று அம்மா கேட்கிறார், என்ன சொல்ல? அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் 380 வெள்ளி கட்டுவதா?

பின்குறிப்பு: தாத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாட்டி எங்களோடுதான் இருக்கிறார். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் ஒரு பாளை அரிவாள் கிடந்தது. இப்போதும் கிடக்கிறது, இதைத் தட்டச்சு செய்யும்போது முழங்கையில் இடிக்கிறது. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் அக்கா போன மாதம் வீடு மாறினார். சாமான் கட்டும்போது, “அப்பாவோடது, நீதான எழுதுறவன், நீ வச்சுக்க” என்று பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். எழுதுகிறவனுக்கும் அரிவாளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருடமும் அதில்தான் வாழைத்தண்டு நறுக்கியிருக்கிறார். பிடியை ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள், இரும்பு அதே இரும்பு.

என் அப்பா கள் இறக்கியவர். இந்தத் தளத்தில் பதினோரு வருடமாக எழுதுகிறேன், மாமியார் வீட்டுச் சண்டை வரைக்கும் எழுதியாகிவிட்டது, இதை மட்டும் எழுதியதில்லை. அதனால் உங்களைத் திட்டப் போகிறேன் என்றால் நான் எந்த இடத்தில் நின்று திட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

முதலில் மிளகு, அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சிராஸில் மிளகு வாசம் எதனால் வருகிறது என்று ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 2008 இல் கண்டுபிடித்து எழுதினார்கள். ரொட்டண்டோன் என்று ஒரு பொருள். மிளகுக்கு மிளகு வாசம் வருவதும் அதனால்தான். அதை முதலில் கண்டெடுத்தது எதில் தெரியுமா, கோரைக்கிழங்கில். நம் பாட்டிமார் குளியல் பொடியில் போட்டு அரைத்த அதே கோரைக்கிழங்கு, அதன் தாவரப் பெயரிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், சோதித்துப் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியவே இல்லை, கூடுதலாகக் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. மூக்கு அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். மிளகில் வேறு வாசங்களும் உண்டு, அதனால் உங்கள் ரசத்துக்கு ஆபத்து இல்லை. நீங்கள் கணக்காய்வாளர், கணக்குப் போடுங்கள்: இருபது பேரில் நாலு பேருக்கு வந்திருக்கக் கூடாது. ஒருவர் நீங்கள். ஆகா சொன்ன மற்ற மூன்று பேர் யார் என்று அடுத்த கூட்டத்தில் கவனியுங்கள்.

அம்மா கேட்ட கேள்விக்கு அம்மாவிடமே பதில் சொல்லுங்கள். 93 ஆம் அதிகாரத்தை அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் காவலுக்கு நிறுத்தும் வேலையை நான் செய்வதாக இல்லை.

யவனர் தேறலுக்கு வருகிறேன். வைன் புட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வரியைச் சொல்லாத படித்த தமிழனை நான் இன்னும் பார்க்கவில்லை. இருக்கிறது, 56 ஆம் பாட்டு, நன்மாறன் என்ற பாண்டியனை நக்கீரர் பாடியது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல் கிடைத்ததும் உண்மை, 1945 இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டினார். எல்லாம் சரி. அதில் நமக்கு என்ன பங்கு? பாட்டிலே பொன் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும் பெண்கள் வருகிறார்கள், அவர்களில் ஒருத்தியின் வழியில் நீங்களோ நானோ வந்திருக்கலாம், பாண்டியன் வழியில் வந்திருக்க மாட்டோம். யாரோ ஒரு ராஜா 2000 வருடத்துக்கு முன்னால் குடித்ததைப் பத்தொன்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று சொல்ல உங்களுக்குக் கூச்சம் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் உங்களை மடியில் வைத்துக்கொண்டு தாத்தா குடித்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. கோபம் வருகிறது தம்பி. உங்கள்மேல் பாதி, மீதி யார்மேல் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த ஆஸ்திரேலியரைப் பாருங்கள். தன் சொந்த வைனில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று கூசாமல் சொன்னார். ரீஸ்லிங் திராட்சையில் வெயில் நன்றாகப் பட்டால் வைன் பழசாகப் பழசாக அந்த வாடை ஏறும், அந்த நாட்டு வெயிலுக்கு அது சகஜம். அவர் அதை மறைக்கவில்லை, அழகு என்கிறார், நீங்கள் இருபது பேரும் தலையாட்டுகிறீர்கள். நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன். புத்தகம், தலையணை, சோறு எல்லாவற்றிலும் அந்த வாடைதான். அதையே பங்சாரில் ஒரு கிளாஸ் 76 வெள்ளி என்று ஊற்றினால் அழகு. அவர்கள் எதையும் சொல்வார்கள். 1951 இல் மேக்ஸ் ஷூபர்ட் என்பவர் அதே தென் ஆஸ்திரேலியாவில் கிரேஞ்ச் என்ற வைனைச் செய்து பார்த்தார். ஆரம்பத்தில் ருசி பார்த்தவர்களில் ஒருவர் நசுக்கிய எறும்பு வாடை தூக்கலாக இருக்கிறது என்று சொன்னாராம். திட்டத்தான் சொன்னார். கம்பெனி 1957 இல் நிறுத்து என்றது, ஷூபர்ட் நிலவறையில் மறைத்து வைத்து மூன்று வருடம் செய்துகொண்டே இருந்தார். இன்றைக்கு அந்த நாட்டிலேயே பெரிய பெயர் அந்த வைனுக்குத்தான். திட்டினவருக்கும் எறும்பு என்று வந்ததை எறும்பு என்று சொல்லும் நேர்மை இருந்தது. மண்ணெண்ணெய் ஆகலாம், எறும்பு ஆகலாம், பூனை மூத்திரம் என்றுகூட ஒருவகை வெள்ளை வைனைப் பாராட்டுவார்கள். கள் மட்டும் ஆகாதா?

அதுவும் எங்கே உட்கார்ந்துகொண்டு? பங்சாரே ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம், ரப்பர்த் தோட்டம். பூங்கே, கிரிசார் என்ற இரண்டு பேருடைய பெயரை ஒட்டித்தான் ஊர்ப் பெயரே வந்தது என்பார்கள். இப்போது வைன் கிளப் கூடுகிற இடத்தில் அப்போது பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்க, மணி அடித்திருப்பார்கள்.

நீங்கள் கள் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எனக்குத் தெரியும். அந்த மனிதர் கிளாஸைக் கீழே வைத்திருப்பார். எந்த மரம், எத்தனை நாளில் புளிக்கும், என்ன பாத்திரம், வெயில் காலத்தில் என்ன ஆகும் என்று உங்களைப் போட்டுக் குடைந்திருப்பார். புளிப்பதை நம்பிப் பிழைக்கிற ஆள் அவர். பேரிக்காயைக் கேட்பதற்காக ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்க மாட்டார், அதை அவர் ஊரிலேயே கேட்டுக்கொள்ளலாம். உங்களுக்குக் கள் வாடை வந்தது மனப்பிரமையும் இல்லை. அவர் வைனில் வேலை செய்த அதே ஈஸ்ட் இனம் தென்னங்கள்ளிலும் வேலை செய்கிறது, யாரும் போடாமல் தானாக வந்து இறங்கும். அந்தப் பேரிக்காய் வாசம்கூடப் பொய்யாக இருக்காது, எது புளித்தாலும் அப்படி ஒரு பழவாசனை கிளம்பும், கள்ளிலும் கிளம்பும். உங்கள் பொய்யில் கொஞ்சம் நிஜம் கலந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். பீடோங்குக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கல்யாணம் ஆன புதிதில் அவரும் பால்மரம்தான் சீவினார், அப்புறம் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு மரம் ஏற ஆள் வேண்டும் என்று தோட்டத்து மேஸ்திரியான தண்டல் கேட்டபோது ஒத்துக்கொண்டார், கூலி கொஞ்சம் கூட. மொத்தம் பதினெட்டுத் தென்னை. பாளை வெடிப்பதற்கு முன்னால் நாரால் இறுக்கிக் கட்டி, ஒரு சின்ன மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டுவார். ஓங்கி அடித்தால் பாளை செத்துப்போகும், தட்டாமல் விட்டால் சுரக்காது. ஒரு வாரம் பத்து நாள் இப்படித் தட்டிய பிறகு நுனியைச் சீவினால் சொட்டத் தொடங்கும். அப்புறம் காலையும் மாலையும் ஏறித் தாள் கனத்துக்கு ஒரு சீவல், அதற்கு மேல் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தத் தாள் கனத்துக்குத்தான் இந்த அரிவாள், ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், இன்னும் கூர் இருக்கிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிக்காது, தெளுவாக இனிக்கும். தடவாவிட்டால் மரத்திலிருந்து இறக்கும்போதே கள். காலையில் இறக்கியது சாயங்காலம் ஓர் ஆள், மறுநாள் வேறு ஆள், அதற்கும் மறுநாள் காடி.

அவர் குடிக்கிறவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு கலயத்திலும் ஒரு வாய் எடுத்து, உங்கள் ஆஸ்திரேலியர் சொல்லிக் கொடுத்தாரே, அதே மாதிரி ‘சுர்’ரென்று காற்றோடு உறிஞ்சி, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து துப்பிவிடுவார். அந்தச் சத்தம் அம்மாவுக்குப் பிடிக்காது. “மாடு கழுநீர் குடிக்கிற மாதிரி” என்பார். அப்பாவால் எந்த மரத்துக் கள் என்று சொல்ல முடியும். மாட்டுக் கொட்டகை ஓரத்து மூன்று மரம் ஒரு ருசி, கால்வாய் ஓரத்து மரம் ஒரு ருசி, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனியாக நின்ற ஒரு மரத்தை ‘மகராசி’ என்பார். நான் விளையாட்டுக்குக் கலயத்தை மாற்றி வைத்து ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். ஏமாறவில்லை.

அவரிடம் சொற்கள் இருந்தன. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்ந்தேன். இறக்கிய உடனே வாசமே இல்லாமல் இருக்கும் கள்ளை, “இன்னும் கண்ணு முழிக்கல, போட்டு வை” என்பார். வைன்காரர்களும் வாசம் எழாத வைனை மூடிக்கிடக்கிறது என்றுதான் சொல்வார்கள், பிற்பாடு எங்கோ படித்தபோது நான் எழுந்து நடந்துவிட்டேன், உட்கார முடியவில்லை. இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் நீர்த்துப்போய் இறங்குவதற்கு “மழை குடிச்ச கள்ளு.” புளிப்பு ஏறிவிட்டால் “சண்டைக்கு வருது.” குடித்து முடித்த பிறகும் ருசி நாக்கைவிட்டுப் போகாமல் இருந்தால் “நின்னு பேசுது.” அவ்வளவுதான், நாலு. நாற்பதாவது இருந்திருக்கும். அக்காவைக் கேட்டேன், அவருக்கு ஞாபகம் இருந்தது இரண்டு, அந்த இரண்டும் என் நாலுக்குள்ளேயே இருக்கிறது.

மற்றவை எங்கே போயின? நான் காதைப் பொத்திக்கொண்டேன், அங்கேதான் போயின. ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்துப் பள்ளியில் ரிமூவ் என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள், தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதினேன். பொய் இல்லை. உங்கள் பேரிக்காய் மாதிரி. அப்பா அதைப் பார்த்தார், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், மலாயில் எழுதியதைப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கே என்று கேட்டார், சொன்னேன். “ம்” என்றார். அந்த வருடத்திலிருந்து அவர் கள்ளைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். நான் முப்பது வயதில் கதை எழுதத் தொடங்கியபோது, தமிழ்ச் சொல் வளம் பற்றிக் கூட்டங்களில் பேசத் தொடங்கியபோது, அவர் வீட்டில்தான் இருந்தார், அதற்குப் பிறகும் ஆறு வருடம் இருந்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரவில்லை. மீதிக் கோபம் யார்மேல் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, ஐயா கள்ளுக்குக் கொடி பிடிக்கிறார் என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். என் அம்மாவின் அப்பா தொண்டர் படையில் இருந்தவர். 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவர்கள் அவர்கள், போலீஸ், மோதல், கைது என்று போனது. அதற்கு முன்னால் 1941 இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, துரை வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே என்று கேட்டதோடு கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். சம்பளம் கொடுக்கிற தோட்டத்திலேயே கள்ளுக்கடை, வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. அது தெரிந்தவர்கள் அப்படிக் கேட்காமல் என்ன செய்வார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து என் அப்பா கள்மரம் ஏறினார் என்றால் எங்கள் வீட்டில் தினமும் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அப்பா இறக்கிய கள்ளில் ஆரம்பித்து, அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குப் போய், முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அப்பாவின் கலயங்களை மட்டும் வீட்டுக்குள் வைக்க விடமாட்டார், மழையானாலும் வெளியேதான். பக்கத்து வீட்டுச் சேச்சி கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவில் ஆப்பம் சுடுவார், ஓரம் பின்னலாக, நடுவில் பஞ்சு மாதிரி, அதை நாங்கள் தொடக்கூடாது. நான் சேச்சி வீட்டுப் பின்பக்கம் நின்று தின்றிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன், வாயில் வாடை வருமே. அந்த அம்மாவுக்குக் கள்மேல் இருந்தது வெறுப்பு, அந்த வெறுப்பை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. என்னிடம் இருந்தது வெட்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, அம்மா வெறுத்ததால்தான் நானும் பேசவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் 42 சொற்களைப் பார்த்தேன். ‘உடற்கட்டு’, ‘முடிவுச்சுவை’, ‘மூக்குணர்வு’, ‘அண்ணச் செறிவு’. கிழித்துப் போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இரவு உட்கார்ந்து செய்திருப்பீர்கள் என்று தெரிகிறது, நிரல் எல்லாம் அழகாக நேராக இருக்கிறது. ஆனால் ‘அண்ணச் செறிவு’ என்று எந்த மனிதனாவது எதையாவது குடித்துவிட்டுச் சொல்வானா? ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சட்டை தைத்திருக்கிறீர்கள். டானினுக்கு ‘தோல்பதப் புரதப்பிணைப்பி’ என்று போட்டிருக்கிறீர்களே, படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன், வீட்டில் என்னமோ ஏதோ என்று வந்து பார்த்தார்கள். தம்பி, துவர்ப்பு. அவ்வளவுதான். வாழைப்பூ, பிஞ்சு வாழைக்காய், கொய்யாக் கொழுந்து, கடுக்காய், பால் விடாத கறுப்புத் தேநீர். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாக்கை வறட்டி இழுக்கிறது, அதனால் அது ருசியே இல்லை, தொடு உணர்ச்சிதான் என்று விஞ்ஞானிகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அதை ஆறு சுவையில் ஒன்றாகச் சேர்த்துப் பந்தியில் உட்கார வைத்தார்கள். நான் குடியிருக்கும் இந்த ஊருக்கே துவர்ப்பில்தான் பெயர், பினாங் என்றால் மலாயில் பாக்கு, ஒரு கொட்டைப்பாக்கைக் கடித்துவிட்டு அந்தச் சிராஸைக் குடித்துப் பாருங்கள், யார் பெரியவன் என்று தெரியும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் டானின் என்றால் என்ன என்று பாதிப் பேருக்குப் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். வெற்றிலை போட்ட வீட்டில் வளர்ந்த உங்களுக்கு எதற்கு விளக்கம்?

கலைச்சொல் வேண்டும் என்றால் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், அதைப் போய்ப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தில் உருப்படியான வரி அதுதான். தாத்தா குடித்துவிட்டு என்ன சொல்வார், நல்ல கள்ளை எப்படிச் சொல்வார், கெட்டுப்போனதை என்னவென்று திட்டுவார், கடைக்காரர் தண்ணீர் கலந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேளுங்கள். முதலில் உங்களை ஏசுவார். “அந்தக் கருமத்த ஏன்டா இப்ப ஞாபகப்படுத்துற” என்று அழவும் கூடும், தாத்தா அவரை என்னவெல்லாம் படுத்தினாரோ நமக்கென்ன தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சைப் பதிவு செய்கிறேன் என்று போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், பாளையைத் தட்டுகிற மாதிரிதான். ஐந்து சொல் கிடைத்தால்கூட எனக்கு அனுப்புங்கள், என் நாலோடு ஒன்பது ஆகும்.

அடுத்த கூட்டத்துக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். போங்கள், உங்கள் காசு, நல்ல வைன் நல்ல பொருள். அந்த ஆஸ்திரேலியருடைய முகவரி கிளப்பில் இருக்கும், அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள், அன்றைக்குப் பேரிக்காய் என்று சொன்னவன் நான்தான், அது பேரிக்காய் இல்லை என்று. பதில் போடுவார்.

நேற்று இரவு அக்கா போன் செய்தார். ஏதோ சொல்லத் தயங்குகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. அரிவாளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார், வாழைத்தண்டுக்கு வேறு எந்தக் கத்தியும் சரிப்படவில்லையாம், நார் நாராக வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.